ஏழாவது நாற்காலி

குழாய்த் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. முன்தலை முழுக்க வழுக்கை. மகள் கல்லூரிப் படிப்பையே முடித்துவிட்டாள். ஆனாலும் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் துப்புரவுப் பணியாளர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் தம்பிதான். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, சுத்தம் செய்து, உடம்புக்குத் திருப்பி அனுப்பும் பிரிவு அது. அந்த ரத்தம் ஓடும் குழாய்களை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. இருபத்திரண்டு வயதில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது யாரோ ஒரு நர்ஸ் வைத்த பெயர். பெயர் ஒட்டிக்கொண்டது, தலைமுடிதான் ஒட்டவில்லை.

நான் அந்த மருத்துவமனையில் வேலை பார்த்தவன் இல்லை. மூன்று தெரு தள்ளி, சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பஞ்சு முதல் ஆம்புலன்ஸ் வரை, பதினோரு அரசு மருத்துவமனைகளுக்கு எது வாங்கினாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவருக்குக் கெடுதல் செய்தவன் என்ற ஒரே தகுதிதான். அதை மறைத்து எழுதுவதானால் எழுதாமலே இருக்கலாம்.

டயாலிசிஸ் பிரிவின் நடைமுறை எளிது. ஒரு நோயாளிக்கு வாரத்தில் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு மூன்று பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிப் போட்டால், ஒரு நாற்காலிக்கு ஆறு பேர். அதற்கு மேல் ஒருவர் வந்தால் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் யாராவது ஊர் மாறினால், அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் போனால், அல்லது ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் இடம்.

அந்தக் காத்திருப்போர் பட்டியல் முன்பு ஒரு நோட்டில், பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பென்சில் என்றால் ரப்பரும் இருக்கும் அல்லவா? காலையில் மூன்றாவதாக இருந்தவர் சாயங்காலம் ஒன்பதாவது ஆகிவிடுவார். நடுவில் யாரோ சிபாரிசுக் கடிதத்தோடு வந்திருப்பார்கள். இப்படி நாலு தடவை பின்னுக்குத் தள்ளப்பட்ட பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர் தம்பியிடம், “அந்தப் பென்சில ஒரே ஒரு நாள் என்கிட்ட குடுங்க தம்பி, நானும் மூணாவது ஆளா இருந்து பாக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். ஐந்தாவது தடவை கேட்க அவர் வரவில்லை.

தம்பி கணினி படித்தவர் இல்லை. மகளின் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஆரம்பித்து, சமையலறை மேடையின் ஓரத்தில் ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களிலெல்லாம் உட்கார்ந்து, ஒன்றரை வருடத்தில் ஒரு மென்பொருள் எழுதினார். யாருக்கு எந்த நாற்காலி, எந்த நாள், எந்த நேரம் என்று அது போட்டுவிடும். காத்திருப்போர் பட்டியலைச் சுவரிலிருந்த திரையில் காட்டும். யாரையாவது முன்னே தள்ளினால், தள்ளியது யார், எதற்கு என்பதையும் சேர்த்துக் காட்டும். சிபாரிசுக் கடிதங்கள் இரண்டே மாதத்தில் நின்றுபோயின. தன் பெயரைத் திரையில் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை.

எழுதியதைப் பூட்டிவைக்கவில்லை. மூல நிரல் முழுவதையும் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், தன்னைக் கேட்கவேண்டியதே இல்லை என்று எழுதிவைத்தார். மனைவி, “ஊருக்கு உழைச்சது போதும், வீட்டு மிக்ஸி ரெண்டு மாசமா ஓடலை” என்றாராம். நியாயமான கோரிக்கை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்காவுக்கே சிறுநீரகம் கெட்டது. அக்கா நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் வேறொரு ஊரில், பஸ் டெப்போவில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவர். அவர் வீட்டிலிருந்து கால் மணி நடையில் ஒரு அரசு மருத்துவமனை இருந்தது. அங்கே இடம் இல்லை, பட்டியலில் மூன்றாவதாகக் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். தம்பியின் மருத்துவமனையிலும் உடனே கிடைத்துவிடவில்லை. ஐந்து வாரம் எல்லோரையும் போலக் காத்திருந்து, அதுவரை தனியார் மருத்துவமனையில் நகையை விற்றுச் சமாளித்தார். “உங்க சாப்ட்வேர்தானே தம்பி, அக்காவ மேல ஏத்துங்களேன்” என்று நர்ஸ்கள் சொன்னபோது, “அக்காவுக்குன்னு தனியா பட்டன் வெக்கலையே” என்றாராம். இடம் கிடைத்தபின் வாரத்துக்கு மூன்று நாள், போக நாலு மணி வர நாலு மணி, அக்கா பஸ்ஸில் வந்து போனார்.

இந்த நிலைமையில்தான் பதினோரு மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரே டயாலிசிஸ் மென்பொருள் வாங்க அரசு உத்தரவு போட்டது. கோப்பு என் மேசைக்கு வந்த மறுநாளே தம்பி வந்து நின்றார். கையில் ஒரு காலி மாத்திரை டப்பா, அதற்குள் பென் டிரைவ்.

“சார், வாங்க வேணாம். நம்மகிட்டயே இருக்கு. இதையே எல்லா ஆஸ்பத்திரியிலயும் போட்டுக்கலாம்.”

“எவ்வளவு?”

“இலவசம் சார்.”

“இலவசம்னா விலைக் கட்டத்துல என்ன எழுதறது?”

“பூஜ்யம் போடுங்க.”

“பூஜ்யத்துக்கு நான் மூணு கொட்டேஷன் யார்கிட்ட போய் வாங்கறது?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை இல்லை, எங்கள் விதி. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எங்கள் பிரிவில் பல்லைப் பார்ப்பதுதான் உத்தியோகம், தான மாடு என்றால் பல்லை எண்ணவும் செய்வோம்.

“நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா யார் சட்டையப் பிடிக்கறது? கம்பெனின்னா ஒரு விலாசமாவது இருக்கும்” என்றேன்.

“என் சட்டையப் பிடிங்க சார். இதே மூணு தெரு தள்ளித்தான் இருக்கேன்.” கொஞ்சம் தயங்கி, “மறைக்காம சொல்லிடறேன், எனக்கும் இதுல சுயநலம் இருக்கு. பதினோரு ஆஸ்பத்திரியும் ஒரே பட்டியலைப் பாத்தா, எங்க அக்கா ஊர்ல எந்த இடம் காலியானாலும் அன்னிக்கே தெரியும். அவங்க வீட்டுப் பக்கத்துலயே மாத்திக்கலாம்” என்றார். தன் சுயநலத்தைத் தானே சொல்லிக்கொண்டு என் அறைக்குள் வந்த ஒரே மனிதர் அவர்தான்.

பென் டிரைவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அரசாங்கம் முட்டாள்தனமாக எதையும் எழுதிவைக்கவில்லை. மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், வேறு ஏதாவது அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும், இருந்தால் அதையே பயன்படுத்தவேண்டும் என்று தெளிவாக விதி இருந்தது. விசாரித்துவிட்டேன் என்பதற்கு ஒரு சான்று எழுதவேண்டும்: “பிற அலுவலகங்களில் விசாரித்ததில், இப்பணிக்குப் பொருத்தமான மென்பொருள் எதுவும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.” ஒவ்வொரு கோப்பிலும் இதைக் கையால் எழுதி அலுத்துப்போய், நான் அதை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்துவைத்திருந்தேன். விசாரணை நடக்கும் முன்பே அதன் முடிவு மரப்பிடி போட்டு என் இழுப்பறையில் தயாராக இருந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அலுவலகத்தில் பலரும் பாராட்டினார்கள், இரண்டு பிரிவுகள் அதைப் பார்த்து ஆளுக்கொன்று செய்துகொண்டன.

அந்த ஸ்டாம்பைக் குத்திக் கையெழுத்துப் போட்டேன். பென் டிரைவ் இருந்த டப்பா பக்கத்திலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைபவனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நான் வெண்ணெயே இல்லை என்று சான்றிதழும் கொடுத்தவன்.

டெண்டரில் என்னென்ன வேண்டும் என்று எழுதுவதற்கு எங்களுக்கு டயாலிசிஸ் பற்றி என்ன தெரியும்? வழக்கம்போல, விற்க வந்த கம்பெனிக்காரர் கொடுத்த விளம்பரத் தாளையே பார்த்து எழுதினோம். வழக்கம்போல அந்தக் கம்பெனிக்கே டெண்டர் கிடைத்தது. மூல நிரல் கம்பெனியின் சொத்து, அதை யாரும் திறந்து பார்க்கக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அதிலும் என் கையெழுத்து இருக்கிறது. எல்லாப் பழைய மென்பொருளையும் நிறுத்திவிட்டுப் புதியதையே பயன்படுத்த உத்தரவு போனது. ஒரு மருத்துவமனையின் காலியிடத்தை இன்னொன்று பார்க்கும் வசதி மட்டும் அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அந்த அடுத்த கட்டம் நான் ஓய்வுபெறும்வரை வரவில்லை.

புது மென்பொருள் ஓடத் தொடங்கி மூன்று வாரத்தில் தம்பி மறுபடி வந்தார். ஒரு தாளில் பதினோரு மருத்துவமனைகளின் பெயரும் எதிரே சில எண்களும் எழுதியிருந்தார்.

“சார், இது என்னுது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னார்.

அவர் முதன்முதலில் மென்பொருள் எழுதியபோது, அவர் பிரிவில் ஏழாம் எண் நாற்காலி உடைந்து கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் சரிசெய்யவில்லை. (அந்தக் கோப்பும் என்னிடம்தான் தூங்கியது, அது வேறு கதை.) அதனால், ஏழைத் தாண்டிப் போ என்று நிரலில் ஒரு வரி எழுதிவிட்டார். நாற்காலி சரியானபின் தன் மருத்துவமனையில் அந்த வரியை எடுத்தார். இணையத்தில் போட்டிருந்த பழைய பிரதியில் எடுக்க மறந்துவிட்டார். கம்பெனி அந்தப் பழைய பிரதியை இறக்கி, நிறத்தை மாற்றி, முகப்பில் தன் முத்திரையை வைத்து, பூட்டி, நமக்கே விற்றிருக்கிறது.

“எங்க ஆஸ்பத்திரியில ஏழாம் நம்பர் திரையில வரலைன்னதும் எனக்கு சந்தேகம். மத்த பத்து இடத்துக்கும் போன் பண்ணேன். எங்கயுமே ஏழு இல்ல சார். ஆறுக்கு அப்புறம் எட்டு.”

“நாற்காலி இருக்குல்ல? ஆளை உக்கார வெக்க வேண்டியதுதானே?”

“திரையில முறை வந்தாத்தான் ஸ்டோர்ல குழாயும் ஃபில்டரும் குடுப்பாங்க. வெறும் நாற்காலியில உக்காந்து என்ன பண்றது? ஏற்கெனவே அதுல இருந்தவங்கள ராத்திரி முறையில நுழைச்சிருக்காங்க, எந்த இடம் காலியானாலும் அவங்களுக்குத்தான் போகுது.”

மற்ற இடங்களில் யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள். டெண்டரில் கேட்டபடிதான் செய்திருக்கிறோம் என்று கம்பெனி பதில் போட்டுவிட்டது. ஓரிடத்தில் அது பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கி வைத்தது என்று நம்பி, தினமும் துடைத்து உறை போட்டு வைத்திருந்தார்களாம்.

ஒரு நாற்காலிக்கு ஆறு பேர். பதினோரு நாற்காலிக்கு அறுபத்தாறு பேர். தாளின் கடைசியில் அந்த எண்ணை எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருந்தார். அக்கா ஊர் மருத்துவமனையில் அக்கா இன்னும் மூன்றாவது.

தன் உழைப்பைத் திருடிவிட்டார்களே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். “எடுத்துக்கோன்னுதானே சார் போட்டேன், எடுத்துக்கிட்டாங்க. பூட்டினதுதான் தப்பு. தொறந்து இருந்தா நானே இப்ப சரி பண்ணிடுவேன், ஒரே ஒரு வரி” என்றார். கம்பெனிக்கு எழுதவேண்டிய கடிதத்தையும் அவரே தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த மென்பொருள் எங்கள் ஊழியர் எழுதியது, ஏற்கெனவே எங்கள் மருத்துவமனையில் இருந்தது, ஆகவே நிரலைத் திறந்து தரவேண்டும் என்று தொடங்கியது கடிதம்.

அதைப் படித்ததும் எனக்கு அறுபத்தாறு பேர் நினைவுக்கு வரவில்லை. என் ஸ்டாம்ப்தான் நினைவுக்கு வந்தது. எங்கேயும் இல்லை என்று சான்று கொடுத்தவனே, எங்களிடமே இருந்தது என்று எழுதுவதா? ஓய்வுபெற எட்டு மாதம். அந்த நேரத்தில் ஒரு விசாரணை வந்தால் பென்ஷன் நிற்கும். பயந்தேன். வேறு அலங்காரமான வார்த்தை எதுவும் இதற்கு இல்லை.

“மேலிடத்துக்கு அனுப்பிடறேன் தம்பி” என்றேன்.

இழுப்பறையில் வைத்தேன்.

மாதம் ஒரு தடவை வந்து கேட்பார். “அனுப்பியாச்சு, கம்பெனிதான் பதில் போடலை” என்பேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது. மூன்றாவது தடவை நானாகவே கம்பெனிக்காரர்களை இரண்டு வார்த்தை திட்டினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். “நீங்க டென்ஷன் ஆகாதீங்க சார், உங்களுக்கு பிரஷர் இருக்கு” என்றார்.

அக்காவை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். இயந்திரச் சரிபார்ப்புக்காக அந்தப் பிரிவுக்குப் போனபோது இரண்டாம் எண் நாற்காலியில் இருந்தார். மெலிந்த உருவம், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற ஆளின் கறாரான குரல்.

“ஓ, வாங்கற சார் நீங்கதானா? தம்பி உங்களப் பத்தி நிறைய சொல்லுவான். நல்லவராம்.”

“எப்படிம்மா இருக்கீங்க?”

“பஸ்ஸுலதான் குடித்தனம். வாரம் மூணு நாள் முடியல சார், இப்ப ரெண்டு நாளாக் கொறச்சுக்கிட்டேன். தம்பிகிட்ட சொன்னா கத்தறான்.” பிறகு கண்ணைச் சிமிட்டினார். “எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஒரு நாற்காலி மேல பழைய ஃபைலா அடுக்கி வெச்சிருக்காங்க. எட்டிப் பாத்துட்டு வந்தேன். நான் ஃபைலாப் பொறந்திருந்தா எனக்கு எடம் கெடச்சிருக்கும்.”

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஆறாவது மாதம் அக்கா இறந்துபோனார். வாரத்துக்கு இரண்டு நாள் என்பதும் ஒரு நாளாகக் குறைந்துவிட்டிருந்தது. அந்த வாரம் காய்ச்சல் என்று அதற்கும் வரவில்லை. நுரையீரலில் நீர் சேர்ந்து, வீட்டிலேயே, அந்தக் கால் மணி நடைத் தூரத்தில்.

துக்கம் கேட்கப் போனேன். தம்பி கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“என் தப்பு சார். அந்த வரிய எழுதினது நான். நாற்காலி சரியான அன்னிக்கே எடுத்திருக்கணும், மறந்துட்டேன். எங்க அக்காவ நானே கொன்னுட்டேன்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி.”

“நீங்க உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க. எத்தனை தடவை எழுதினீங்க. அவங்க கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

பக்கத்தில் இருந்த உறவுக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். ரொம்ப முயற்சி பண்ணினவர் என்றார். ஒரு பெரியவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். தம்பி எழுதிய கடிதம் இல்லை, என்னுடையது, இரண்டே வரி: ஏழாம் எண் நாற்காலி திரையில் வரவில்லை, உடனே சரிசெய்யவும். யாருடைய மென்பொருள் என்றோ, யாரிடம் இருந்தது என்றோ ஒரு சொல் இல்லை. அதற்கெல்லாம் அவசியமே இருக்கவில்லை. தலைமை அலுவலகத்தின் கையெழுத்து இருந்ததால் மதியம் யாரோ ஒரு பெண் போனில் கூப்பிட்டு, “சரி பண்ணிட்டோம் சார், பாத்துக்கோங்க” என்றாள். சான்று பொய் என்று யாருக்கும் தெரியாமல், பென்ஷனுக்கு ஒரு குறையும் வராமல், ஆறு மாதம் முன்பே இந்த இரண்டு வரியை எழுதியிருக்கலாம். பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வாரத்துக்குள் பதினோரு ஊர்களிலும் அறுபத்தாறு பேரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா ஊரில் பட்டியலில் மூன்றாவது பெயரைக் கூப்பிட்டபோது, எடுத்துப் பேசியது தம்பியாம்.

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. போன வாரம் தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, விதியைப் படித்துவிட்டு நிஜமாகவே விசாரிக்கிறவர். வீரர்களின் பணி முறையைப் போட ஒரு மென்பொருள் தேவை, வாங்குவதற்கு முன் அரசுக்குள்ளேயே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடியதில் தம்பியின் பெயர் கிடைத்ததாம். ஆனால் தம்பி இணையத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நேரில் போய்க் கேட்டபோது, கணினியையே விற்றுவிட்டேன் என்றாராம். “நீங்க சொன்னா கேப்பார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க சார்” என்றார் அந்த அதிகாரி.

அவர் போனபின் தம்பிக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார். என் பிரஷரை விசாரித்தார். மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன்.

“வேணாம் சார்” என்றார். “நான் எழுதினா எங்கயாவது ஒரு வரி மறந்து நின்னுபோயிடும். இன்னொரு குடும்பத்துக்கு அந்தக் கதி வேணாம். என் கையால ஒரு உயிர் போனது போதும்.”

உங்கள் கையால் இல்லை தம்பி, கடிதம் போகவே இல்லை, என் இழுப்பறையில்தான் இருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மறுமுனையில் அவர் காத்திருந்தார். பின்னால் மருத்துவமனையில் யாரோ அவரைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சரி தம்பி, உங்க இஷ்டம். உடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.